குட்டைமேட்டு முடிச்சு

வரைபடத்தில் மடிப்பு விழுந்து தேய்ந்துபோன இடத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் இழைநாடு. அங்கே மன்னர் உண்டு, அமைச்சர் உண்டு, வரி உண்டு. அரச முத்திரை மட்டும் கிடையாது. ஒருவன் மாடு விற்றாலும், ஒருத்தி வீடு வாங்கினாலும், அரண்மனையில் முடிசூட்டு நடந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி கயிறுதான்.

மாலைதோறும் தலைநகரக் கோபுரத்திலிருந்து ஒருவன் அன்றைய சேதிகளைக் கூவுவான். கூவல் ஊருக்கு ஊர் தாவும். ஒவ்வொரு ஊரிலும் இருந்த சாட்சி வீடு, விற்பவனிடம் அந்த மாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று பழைய முடிச்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் புது முடிச்சு போடும். கயிறு வாங்க முடிந்தவர் யாரும் சாட்சி வீடு வைக்கலாம். ஒவ்வொரு முடிச்சும் முந்தைய முடிச்சின் வாலைப் பிடித்துக்கொண்டே விழும். நடுவில் ஒன்றை எடுக்க நினைத்தால், அதற்குப் பின் வந்த அத்தனையையும் அவிழ்த்து மறுபடி முடிய வேண்டும். அதையும் நாட்டின் எல்லாச் சாட்சி வீட்டிலும் செய்ய வேண்டும். ஆகவே இழைநாட்டில் எந்த மன்னரும் எதையும் அழித்ததில்லை. நல்ல குணத்தால் அல்ல, கை பத்தாததால்.

குட்டைமேட்டில் சடைச்சியின் குடிசைதான் சாட்சி வீடு. மேட்டிலுள்ள மனைகள் அங்கே குடியிருப்போருக்கே சொந்தம் என்ற முடிச்சு அவள் கையால் விழுந்தது. அதற்கு முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் வந்து அந்த ஊரை எழுப்பி விரட்டலாம். சடைச்சியின் மகள் காத்தாயி தலைநகரில் படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் வம்சத்தில் கல்விக்கூட வாசலை மிதித்தவள் அவள்தான் முதல். வாயும் அதற்கேற்ற வாய்.

நாடு பெருத்தது. ஒரு கூவலில் இத்தனை சேதிதான் என்று வரம்பு இருந்ததால் கோபுரத்தடியில் வரிசை சந்தை வரை நீண்டது. நெய்க்குடத்தோடு வந்தவன் முன்னே போனான். வெறுங்கையோடு வந்தவனின் கல்யாணத்துக்கு முடிச்சு விழுவதற்குள் பிள்ளை பிறந்து தவழ்ந்தது.

விடுமுறைக்கு வந்திருந்த காத்தாயி, அம்மா முடிச்சிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, முடிச்சு போடறது கண் சிமிட்டுற வேலை. பொழுது பூரா தேடறதுலயே போவுதே."

"தேடாம போட்டா அது சாட்சியாடி? பொய்யி."

"தேட வேணாம்னு யாரு சொன்னா? ஒவ்வொரு தடவையும் ஆதியிலேருந்து உருவிக்கிட்டு வராதங்கறேன்."

ஒவ்வொரு குடும்பத்தின் கடைசி முடிச்சிலும் ஒரு நிறத் துணி கட்டினாள். புது முடிச்சு விழுந்தால் துணி அங்கே இடம் மாறும். ஒருவனின் மாட்டுக்கும் இன்னொருத்தியின் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதால் இருவர் ஒரே நேரத்தில் தேடலாம், முடிச்சை மட்டும் வரிசை பிசகாமல் போட்டால் போதும் என்றும் கண்டாள். அன்று மாலை, கூவல் முடிந்த கையோடு சடைச்சி வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டாள்.

கயிறு அதே கயிறு, சாட்சி அதே சாட்சி, வேகம் மட்டும் வேறு. துணி கட்டும் வித்தை ஊர் ஊராகப் பரவி அரண்மனைக்கும் எட்டியது. மன்னர் அகளங்கர் காத்தாயியை வரவழைத்து 'வேக நங்கை' என்று பட்டம் கொடுத்தார். கூவலின் வரம்பு இரட்டிப்பாயிற்று. எல்லாக் குடிசையும் ஈடுகொடுத்தது. வரிசை பாதியாய்க் குறைந்தது. நெய்க்குடங்கள் வீட்டிலேயே தங்கின. இழைநாட்டு வரலாற்றில் உத்தரவு ஒன்றால் மக்களுக்கு நன்மை விளைந்தது அதுவே முதல் தடவை. அமைச்சர்கள் கலங்கிப் போனார்கள்.

விரைவுத்துறை அமைச்சர் மாசிலாமணியார் அவையில் எழுந்தார். "வேந்தே, இரண்டு மடங்கு முடிந்ததென்றால் இருபது மடங்கு ஏன் முடியாது? மேல்மாடத் தெருவின் மூன்று மாளிகைகளில் நூறு கைகள் கூலிக்கு முடிச்சிடுகின்றன. அவை எந்த வேகத்துக்கும் ஆயத்தம்."

"வேகமான வீட்டை வச்சு வரம்பு வைக்காதீங்க," என்றாள் காத்தாயி. "இருக்கறதுலயே மெதுவான குடிசை எதுன்னு பாருங்க. அது எவ்ளோ தாங்குதோ அதான் வரம்பு. அந்தக் குடிசையை வேகமாக்க வழி பாருங்க, அப்புறம் ஏத்துங்க."

"நங்கையே, நாங்கள் அளக்காமல் எதையும் செய்வதில்லை," என்றார் அமைச்சர் பெருந்தன்மையோடு.

அளந்தார்கள். வரம்பை ஏற்றினார்கள். அத்துடன் ஒரு சின்ன உத்தரவும் வந்தது: மறுநாள் கூவல் தொடங்கும் முன் முந்தைய கூவலை முடிக்காத வீடு, சாட்சி வீடு ஆகாது. ஈடுகொடுக்க முடியாத குடிசைகளின் வாசலில் தொங்கிய கயிற்றுச் சின்னத்தைச் சேவகர்கள் அறுத்துப் போனார்கள். பிறகு கணக்கெடுப்பு. சாட்சி வீடுகளில் பின்தங்கியவை எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஆகவே மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அறுத்தார்கள். மறுபடி அளந்தார்கள். மறுபடியும் ஒன்றுகூட இல்லை.

காத்தாயிக்கு ரத்தம் கொதித்தது. "தோத்தவனையெல்லாம் ஆளே இல்லைன்னுட்டு, எல்லாரும் ஜெயிச்சாங்கன்னு சொல்றது என்ன கணக்கு?"

"புள்ளிவிவரம்," என்றார் மாசிலாமணியார். "தங்கள் துணியால்தானே இத்தனையும் நடந்தது? தாங்களே கோபிக்கலாமா?"

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாய் இறங்கியது. பட்டத்தை அவையிலேயே கழற்றி வைத்துவிட்டு ஊர் திரும்பினாள். அம்மாவின் வாசலில் சின்னம் இல்லை. அறுத்த நுனி மட்டும் காற்றில் ஆடியது.

இப்போது சாட்சி வீடுகள் மூன்றுதான். மூன்றும் மேல்மாடத் தெரு மாளிகைகள், அதில் இரண்டு வீட்டார் சம்பந்திகள். ஒருநாள் அளவுகோலோடு அதிகாரி ஒருவர் குட்டைமேட்டுக்கு வந்தார். அங்கே அரண்மனைக்குத் தானியக் கிடங்கு வரப்போகிறது என்றார். காத்தாயி கயிற்றைச் சுருளோடு தூக்கிவந்து அம்மா போட்ட முடிச்சைக் காட்டினாள்.

"நாட்டின் கயிற்றில் அப்படியொரு முடிச்சு இல்லையே அம்மணி. சாட்சிகள் அனைவரும் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள்."

"அனைவரும்னா யாரு, அந்த மூணு பேரா?"

"அனைவரும்."

"அப்ப இது என்ன?"

"இது வெறும் கயிறு. வண்டி மாட்டுக்கு ஆகும். அறுவடை முடிந்ததும் காலி செய்துவிடுங்கள்."

அவர் போனபின் சடைச்சி கயிற்றை மறுபடி சுருட்டினாள். பிறகு சொன்னாள்: "நம்ம கயிறு நின்னுபோச்சுன்னுதானடி சொல்றான்? நிக்காம போட்டா?"

"அவன் கூவல் நமக்கு ஆகாதும்மா. அந்த வேகத்துக்கு நீ போட முடியாது."

"நீ கூவுடி. வாய்க்கா பஞ்சம் உனக்கு?"

காத்தாயி அம்மாவையே பார்த்தாள். பிறகு எழுந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்தாள். சின்னம் அறுபட்ட குடிசை ஒவ்வொன்றிலும் பரண்மேல் கயிறு கிடந்தது. பழைய முடிச்சுகள் எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. நாட்டில் தோற்றுப்போன வீடுகள்தான் அதிகம் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவை கணக்கிலேயே இல்லை. எல்லாக் குடிசைகளும் ஒத்துப்போகிற கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அவள் கூவத் தொடங்கினாள். நாட்டிலேயே மெதுவான கையின் வேகத்துக்குக் கூவினாள். அந்தக் கையின் சுமையைக் குறைக்கப் புது வழி கண்டால் மட்டும் ஒரு சேதி கூட்டினாள். கோபுரத்தடியில் நம்பிக்கையிழந்தவர்கள் ஒவ்வொருவராகக் குட்டைமேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

அறுவடை முடிந்தது. காலி செய்ய வைக்க யாரும் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு மாலையில், கிரீடம் இல்லாத தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அகளங்கர் வந்தார். தனியாக, நடந்து.

"பெண்ணே, உங்கள் மேட்டு முடிச்சை எடுக்கச் சொன்னது நான்தான்," என்றார். "எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அவிழ்த்து மறுபடி முடிந்தார்கள். அப்படி முடிச்சிட்டபோது என் முடிசூட்டு முடிச்சைப் போடவில்லை. மாசிலாமணிதான் ஆதி முதல் மன்னராம். சாட்சிகள் அனைவரும் ஒருமனதாகச் சொல்கிறார்கள்." தலையிலிருந்த துண்டை எடுத்தார். "உங்கள் கயிற்றில்... நான் இருக்கிறேனா?"

சடைச்சி அரச குடும்பத்துத் துணியைப் பற்றி ஒரே இழுப்பில் இடத்துக்கு வந்தாள். முடிச்சைத் தடவினாள். "இருக்கு."

அகளங்கரின் கண் நிறைந்தது. காத்தாயி அம்மாவின் கையிலிருந்த கயிற்றை எடுத்து, அவர் விரலைப் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தாள். அப்படியே சற்றுப் பின்னால் நகர்த்தி இன்னொரு முடிச்சின் மேல் வைத்தாள்.

"இது எங்க மனை. உங்க முடிச்சு இதோட வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. அவுக்கச் சொன்னப்ப யாரும் சொல்லலையா?"

அவர் அந்த முடிச்சைத் தடவினார். விரலை எடுக்கவில்லை.

"என் முடிச்சு இங்கே இருப்பதை இன்றைய கூவலில் சொல்வாயா?" என்று மெல்லக் கேட்டார்.

"சொல்றேன். வரிசையில நில்லுங்க. எங்க வேகம் கொஞ்சம் மெதுவு. உங்களுக்கு முன்னாடி அந்தம்மாவோட ஆட்டுக்குட்டி இருக்கு."

அகளங்கர் போய் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் நின்றார்.