தேதி கேட்ட கம்ப்யூட்டர்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு நல்ல ரோடு வரவில்லை, டாக்டர் வரவில்லை. 1986-இல் கம்ப்யூட்டர் மட்டும் வந்துவிட்டது! சிவப்புத் துணி போர்த்தி, மாலை போட்டு, ஜீப்பில் வந்து இறங்கியது. கூடவே இறங்கியவர் ‘கம்ப்யூட்டர் சித்தர்’ ரங்கசாமி. அதற்கு முன் கண்ணமங்கலத்தில் கிளி ஜோசியம் பார்த்தவர். கிளிக்கு என்ன ரோஷமோ, பறந்துவிட்டது.

கேட்கிற நேரத்தை வைத்தே கேட்டவர் கதியைச் சொல்லிவிடுமாம் மெஷின். “நேரம் துளி பிசகாது! முக்காலமும் உள்ள கீது!” என்றார் சித்தர். விடுவார்களா நம் ஜனங்கள்? தேன், சாமை, புளி, கோழி என்று தூக்கிக்கொண்டு வந்து வரிசை கட்டினார்கள்.

காலையில் ஜெனரேட்டர் ஓடும். திரையில் எழுத்து வரும். சித்தர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானை இரண்டு தட்டுத் தட்டுவார். ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று நவக்கிரகத்துக்கு. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்புறம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: நேரம் சரியில்லை. நேரம் கெட்டால்தானே தாயத்து போணியாகும்!

அன்று வெள்ளையம்மாள் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நாலு வயது சம்பூர்ணத்துக்குக் காய்ச்சலில் வலிப்பு. தடுப்பூசி போட மலைக்கு வந்திருந்த நர்ஸ் ஜெபகுமாரி, உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தாள். டிரைவர் கலீல் ஜீப்பைத் தயாராக நிறுத்தியிருந்தான். ஆனால் சித்தரைக் கேட்காமல் மலை இறங்கலாமா?

மெஷினோடு இணைத்த பிரிண்டரிலிருந்து காகிதம் கரகரவென்று வந்தது. “நேரம் சரியில்ல. இப்ப எறங்கினா கொயந்த தங்காது. இத கட்டிட்டு நாளைக்கு வா” என்று தாயத்தைக் கையில் திணித்தார் சித்தர்.

வெள்ளையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே ஜெபகுமாரி ஓடிவந்தாள்.

“அக்கா, எழுந்திருங்க! கொயந்த ஒடம்பு கொதிக்குது!”

“மெஷினே சொல்லுதேம்மா... நான் இன்னா பண்ணுவேன்?”

ஜெபகுமாரி அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலே தேதியும் மணியும் அச்சாகியிருந்தன.

“சாமி, இப்ப மணி இன்னா இருக்கும்?”

“உச்சி வெயிலு மண்டைய பொளக்குதே, தெரியல?”

“உங்க மெஷினு விடியகாலம் மூணு மணின்னு போட்டுக்கீது! தேதி, எம்பதாம் வருசம் ஜனவரி ஒண்ணு. இந்தக் கொயந்த அப்ப பொறக்கவே இல்ல!”

கூட்டம் சலசலத்தது. ஆளாளுக்குத் தங்கள் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். போன வாரம் வாங்கியதிலும் அதே தேதி, நேற்று வாங்கியதிலும் அதே தேதி.

“அது தேவலோகத்து மணி” என்றார் சித்தர், வாய் கூசாமல்.

“அப்டியா? ஜெனரேட்டர நிறுத்திட்டு மறுபடி போடுங்க. தேவலோகத்துல மணி இன்னா ஆவுதுன்னு பாப்போம்.”

ஜீப்பை விட்டு இறங்கிவந்து கலீலே நிறுத்தினான், திரும்ப ஓடவிட்டான். திரை விழித்தது. சித்தரின் விரல் பழக்கதோஷத்தில் பொத்தானுக்குப் போக, ஜெபகுமாரி கையைத் தடுத்தாள்.

“நில்லுங்க! இங்கிலீஷ்ல இது இன்னா கேக்குது தெரியுமா? ‘இன்னிக்கி இன்னா தேதி?’ன்னு கேக்குது. அடுத்து, ‘இப்ப மணி இன்னா?’ன்னு கேக்கும். கரண்ட் நின்னா இதுக்கு நேரம் மறந்துடும். இங்க பாருங்க, மறுபடி எம்பதாம் வருசம் நடுராத்திரிலேர்ந்து எண்ணுது; காலைல போட்டு மூணு மணி நேரம் ஓடுனதாலதான் மூணு மணின்னு அச்சாச்சு. அதான் தெனம் காலைல உங்கள கேக்குது. நீங்க பதிலே சொல்லாம ரெண்டு தட்டு தட்றீங்க!”

முக்காலமும் அறிந்த மெஷினுக்கு இன்றைக்குத் தேதி தெரியவில்லை! கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னக்குழந்தை என்ற விவசாயி, “என் கோழிய குட்றா!” என்று பாய்ந்தான். அது நேற்றே சித்தர் வயிற்றுக்குள் போய்விட்டது, பாவம்.

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. தாயத்தைச் சித்தர் முகத்தில் வீசிவிட்டு மகளோடு ஜீப்புக்கு ஓடினாள். சம்பூர்ணம் பிழைத்தாள். ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் கையில் பிணம்தான் என்றார் டாக்டர்.

சித்தர் இப்போது அடுத்த மலையில் இருக்கிறார். அங்கேயும் வரிசை நிற்கிறதாம்! அட மக்கு ஜனங்களே, தனக்குத் தெரியாததை அந்த உயிரில்லாத பெட்டிகூட தினம் காலையில் கேட்டதே. உங்களுக்கு வாய் இருக்கிறதே, என்ன கேடு? கேளுங்களேன்!