குரங்கைக் குளிப்பாட்டிய குற்றம்

வாளையார்

மதிப்பிற்குரிய சம்பந்தி காளிச்சாமி மச்சான் சமூகத்துக்கு, குப்பண்ணன் கும்பிட்டுச் சொல்ல, மகன் சந்துரு எழுதுவது. எருத்தேன்பதியில் தாங்களும் தங்கச்சியும் தென்னைகளும் சுகமென நம்புகிறேன். இங்கே சுகம் என்றால் நம்ப ஆளில்லை.

என் பேத்தி தமிழ்ப்ரியாவுக்கும் உங்கள் பேரன் வினோவுக்கும் வைத்த நிச்சயத்தைத் தள்ளிப் போடலாமென்று தாங்கள் சொன்னதாகக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, போன் போட்டால் தாங்கள் எடுப்பதுமில்லை, ஆகவே நடந்ததை எழுதுகிறேன். எங்கள் தோப்பில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. ஆஞ்சநேயரை அப்படியே விடமுடியுமா? மூத்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சீப்பால் சீவி, புதுத் துண்டு போர்த்தி, மாலை போட்டு, பால் ஊற்றிப் புதைத்தோம். எங்கப்பனுக்குப் போட்ட மாலை வாடியிருந்தது. இதற்கு வாடாத மாலை.

மறுநாள் சுகாதாரத்துறை ஜீப்பில் டாக்டர் ஜின்சி கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார். செத்த குரங்கின் மேலிருக்கும் உண்ணியைப் பொறுக்கிச் சோதித்தால்தான் குரங்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தெரியுமாம். நான் பெருமையாக, “ஒரு பூச்சி இல்லாம சீவி உட்டுட்டனுங்க” என்றேன்.

“குளிப்பிச்சோ?” என்று மலையாளத்தில் கேட்டவர், குளிப்பாட்டினோம் என்றதும் வரப்பிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் உண்ணி ஒட்டுகிறதா என்று தோப்பெல்லாம் வெள்ளைத் துணியைத் தரையோடு இழுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. செத்த உடம்பு ஆறினால் உண்ணி பக்கத்திலிருக்கும் சூடான உடம்புக்குப் போய்விடுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் கோவணத்தோடு உட்காரவைத்து லென்ஸால் அலசினார்கள். “நாங்கூட இப்படிப் பாத்ததில்லீங்க” என்றாள் ஜானகியம்மாள், கட்டின மனைவி. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கோலத்தை எவனோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். இப்போது எங்கள் ஊட்டுப் பாலை யாரும் வாங்குவதில்லை. நான் ஏறினால் பஸ்ஸில் சீட்டு காலியாகிறது.

மச்சான், உங்கள் கல்யாணப் பந்தியில் எங்கள் வரிசைக்கு மட்டும் ரசம் வராததை நான் இன்றுவரை வெளியே சொன்னதில்லை. அதற்காகவாவது பிள்ளையின் நிச்சயத்தை நிறுத்தாதீர்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. என்மேல் உண்ணியும் இல்லை.

தங்கச்சிக்கு வணக்கம், வினோவுக்கு ஆசி. மாரியம்மன் உங்கள் ஊட்டுப் படியில் எந்த நோயையும் ஏறவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
குப்பண்ணன் (கைநாட்டு)

பி.கு.: இதை மடிப்பதற்குள் என் காதுக்குப் பின்னால் ஒன்று கிடைத்துவிட்டது. கடுகளவுதான். சொல்லியனுப்பியதும் ஜீப்பில் வந்த டாக்டரம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததுபோல் சந்தோஷம். குப்பியில் போட்டு என் பேரையே எழுதினார். குரங்கைப் புதைத்த கையோடு எங்கே போனீர்கள் என்று கேட்டார். என் ஞாபகசக்தி தங்களுக்குத் தெரியும். நிச்சயத் தேதி பேச உங்கள் ஊட்டுக்கு வந்ததையும், உங்கள் கட்டிலில் உங்கள் போர்வைக்குள் மத்தியானம் முழுக்கத் தூங்கியதையும், தங்கச்சி தன் தலையணையைக் கொடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். இந்தக் கடிதம் அந்த ஜீப்பிலேயே வருகிறது. கொடுப்பவர் கையில் வெள்ளைத் துணி இருக்கும். கோபப்படாமல் வேட்டியை அவிழ்த்துவிட்டு உட்காருங்கள். நிச்சயத்தை இனி யார் ஊட்டில் வைத்தாலும் ஒன்றுதான்.