எங்கள் வாசலுக்கு மட்டும் பெய்த மழை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சதீஷ் அவர்களுக்கு,

மாமனார் வைத்தியலிங்கம் எழுதுவது. நானும் உங்கள் அத்தை பூவம்மாளும் கறவை மாடும் சௌக்கியம். என் மானம் மட்டும்தான் சௌக்கியமில்லை. மஸ்கட்டில் நீங்களும் மகள் குந்தவையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான், சொன்னால் குந்தவை சிரிப்பாள். அதனால் கடுதாசி.

போன லீவில் வந்தபோது, "ரிட்டயர்டு ஆயிட்டீங்க மாமா, பொழுது போகும்" என்று ஒரு மழைமானி தந்தீர்களே, மழை அளக்கும் அந்தக் குழாயைத் திறந்த வெளியில் வைக்கவும் என்று அட்டையில் போட்டிருந்ததால் வாசலிலேயே கம்பு ஊன்றிக் கட்டினேன். காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் நாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர், மறுநாள் மூன்று புள்ளி எட்டு, வாசலும் ஈரம். ஆகா, நாம் தூங்கும்போது தூறிவிட்டுப் போகிறது, பருவம் தொடங்கிவிட்டது என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட்டேன். நம் ஊரோ கடைமடை. ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும், மழையை நம்பித்தான் புழுதியில் விதைக்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்த மனுஷன், புள்ளி வைத்துச் சொல்கிறார், பொய்யா இருக்கும் என்று மொத்தத் தெருவும் சம்பா விதையைக் காய்ந்த மண்ணில் போட்டுவிட்டது.

பன்னிரண்டு நாளாயிற்று, வயலில் ஒரு துளி இல்லை. எறும்புக்கும் மயிலுக்கும் விருந்து. பக்கத்து வயல் பஞ்சநதம் வந்து, "ஏன்யா, நீ சொல்ற மழை உன் வாசலுக்கு மட்டுந்தான் பெய்யுமா?" என்று கேட்டார். ரோஷம் வந்து மறுநாள் அஞ்சு மணிக்கே எழுந்து ஜன்னலில் நின்றேன். உங்கள் அத்தை வாளியோடு வந்தாள். சளார் சளார் என்று வாசல் தெளித்தாள். அதில் ஒரு கை தண்ணீர் நேரே குழாய்க்குள்!

"ஏய், என்னடி பண்றே?"

"வாசல் தெளிக்கிறேன். முப்பத்தஞ்சு வருஷமா தெளிக்கிறேன், இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

தலையில் இடி விழுந்தது மாப்பிள்ளை. அந்த இடியோடாவது நாலு தூறல் வந்திருக்கலாம்.

குழுவில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஊரில் எனக்கு வாளி மழை என்று பேர். அது கிடக்கட்டும். "இன்னும் நாலு நாள் பாப்போம்யா, அதுக்கு மேல போனா மறுபடி விதைக்க வீட்ல விதை இல்ல" என்று பஞ்சநதம் மெதுவாகச் சொன்னார் பாருங்கள், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆகவே இந்த மழைமானியை உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் நம் ஜாஃபர் சாதிக்கிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். இனி வானத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, குடையோடு வாழ ஆசீர்வதிக்கும்,
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், மேற்கே கறுத்தது, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது மாப்பிள்ளை! நடுத்தெருவில் நின்று "மழை, மழை" என்று கத்திவிட்டேன், சத்தியம் போச்சு. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்காதீர்கள், மழைமானி பார்சலுக்குள் கிடக்கிறது. அதை அவிழ்க்கப்போகிறேன், ஜாஃபர் சாதிக் வெறுங்கையோடுதான் வருவார். பஞ்சநதம் சொட்டச் சொட்ட ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "வெத பொழைச்சுச்சுய்யா! நாளைக்கும் பெய்யுமா?" என்றார். "தெரியலய்யா" என்றேன். "இப்பத்தான்யா நீ சரியா சொல்றே" என்று அழுதுகொண்டே சிரித்தார்.