அரிசி மண்டியில் நான் நடத்திய வண்டுப் பாடம்

பெண் பார்க்கப் போகும்போது வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அறுபதுகளில் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். விலங்கியல் பட்டதாரி அல்லவா!

அப்போது காளான், பூஞ்சை தின்னும் வண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.) செஞ்சிக் கோட்டை மலையடியில் பட்டுப்போன மரங்களில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கும். முட்டை, புழு, வண்டு என்று ஒரு குடும்பமே அதற்குள் இருந்துகொண்டு, இருக்கிற வீட்டையே தின்று வாழும். அன்று காலையும் சிலவற்றைப் பிடித்து, நைனாவின் பழைய பொடி டப்பாவில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு அதுதானே அழகு!

பெண் சரோஜாவின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் அரிசி மண்டி; வீடு பின்கட்டில். ராகுகாலம் முடியட்டும் என்று என்னையும் என் நைனாவையும் மண்டியிலேயே உட்கார வைத்தார். அங்கே அவலூர்பேட்டை வியாபாரி ஒருவர் மூட்டைக்குள் கைவிட்டு அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, வண்டு ஓடுது?"

மண்டிக்காரர் முகம் செத்துப்போனது. ஐயோ, நம் டப்பா திறந்துகொண்டது! வருங்கால மாமனாரைக் காப்பாற்றத் துள்ளி எழுந்தேன்.

"பயப்படாதீங்க, இது அரிசியத் தொடாது. பூஞ்சை இருக்கிற எடத்துலதான் வரும், அதத்தான் தின்னும்!"

"அப்ப அரிசி பூஞ்சையா? நல்லவேள சொன்ன தம்பி." வியாபாரி கையை உதறிவிட்டுப் போயே போய்விட்டார்.

"வாயாடா அது?" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

பையைத் தடவினேன். டப்பா இறுக மூடியிருந்தது. மூட்டையில் ஓடியது என் வண்டுகளுக்கு ஏதோ பங்காளி முறை. அதையாவது மனசுக்குள் வைத்துக்கொண்டேனா?

"இது உங்க வண்டுதாங்க!" என்று டப்பாவை ஆட்டிக் காட்டினேன்.

"ராகுகாலம் முடிஞ்சிடுச்சி," என்றார் மண்டிக்காரர். "ஊருக்குக் கெளம்ப நல்ல நேரம்."

பின்கட்டுக் கதவு மறைவிலிருந்து சரோஜா தன் அப்பாவை அதட்டும் குரல் கேட்டது. "கூரை ஒழுகி மூட்ட நனைஞ்சிட்டுதுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா நைனா? அவரு இன்னா தப்பா சொல்லிட்டாரு?"

மூட்டையைக் கவிழ்த்தார்கள். அடியிலிருந்து பச்சைப் பூஞ்சை கட்டி கட்டியாக விழுந்தது.

பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று சரோஜா என்னையே கட்டிக்கொண்டாள். (அன்றைக்குப் பிறகு எனக்காக அவள் வாயே திறந்ததில்லை.) மாமனார்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை. எந்தப் பந்தியிலும் முதல் சோறு எனக்குத்தான். "மாப்ள பாத்துச் சொல்லட்டும், அப்பறம் எல்லாரும் சாப்டலாம்," என்பார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் இன்றும் எங்கள் வீட்டில் நான் சோற்றைக் கிளறித் தலையாட்டாமல், பேரன்கூட இலையில் கை வைப்பதில்லை.