கம்பியூட்டர்ப் பரிசாரியின் கறுப்புத்துணி

கல்முனையில் வைத்தியரைக் காண்பதைவிடக் கச்சிமுகம்மதுவைக் காண்பது கடினமாயிருந்த காலம் அது. யுத்தம் முடிந்த வருடம். ஊரெங்கும் திறப்பு விழாக்கள், விழாவுக்கொரு சிறப்புமலர், மலருக்கொரு தலைவர். அம்மலர்களைச் சுமந்த கணினிகளோ மூச்சு வாங்கின. அவற்றுக்குப் பேய் பிடித்திருப்பதைக் கண்டறிந்த பெருமை கச்சிமுகம்மதுவையே சாரும். நாட்டு வைத்தியரைப் பரிசாரி என்னும் ஊர், அவருக்குக் ‘கம்பியூட்டர்ப் பரிசாரி’ எனப் பட்டம் சூட்டியது. கணினிமேல் கறுப்புத்துணி போர்த்துவார். உள்ளே தலையை நுழைத்து முணுமுணுப்பார். துணியை எடுத்தால் கணினி பாயும். படங்கள் மட்டும் சற்று மங்கியிருக்கும். அது பேய் விட்டுப்போன புகையாம்! மருதமுனை முதல் நிந்தவூர் வரை சனம் அதையும் நம்பியது. புகை விலகும்போதெல்லாம் பேய் திரும்பிவிடுவதேன் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அன்று ஆகிலாவின் அச்சமைப்பு நிலையத்தில் நிற்க இடமில்லை. கடல் கொண்டுபோன பாடசாலை மீண்டும் திறக்கப்படவிருந்தது. அதற்காக அவள் வடிவமைத்த நானூறு பக்க நினைவுமலரில், ஒரு பக்கம் புரள்வதற்குள் ஒரு தேநீரைக் குடித்து முடிக்கலாம். மலர்க்குழுத் தலைவர் ஹமீட் ஹாஜியாரே பரிசாரியை அழைத்து வந்திருந்தார்.

துணிக்குள்ளிருந்து தீர்ப்பு வந்தது.

"சுனாமியில மௌத்தான புள்ளைகள்ட படம் ஒரு அத்தியாயம் முழுக்க இரிக்கி. அதுதான் பாரம். எடுத்திட்டன். இப்ப பாருங்க!"

பக்கங்கள் பறந்தன. படங்கள் வழக்கம்போல் மங்கின. கூட்டம் கைதட்டியது.

"அப்ப அந்தப் பக்கங்கள் வேணாம்," என்றார் ஹாஜியார்.

வாசலில் நின்ற சல்மா உம்மா கூட்டத்தை விலக்கி முன்னே வந்தார். "என்ட மகள்ட படம் அதுலதான் இரிக்கி, ஹாஜியார். மத்ததெல்லாம் கடலோட போயிட்டு. புத்தகத்திலயும் அவ இல்லாம போறதா?"

ஆகிலாவுக்கு அந்தக் கைதட்டல் கசந்தது. நைந்த படங்களிலிருந்து அப்பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகத் துலக்கியவள் அவள்.

"பரிசாரியார், இன்னொருக்கா செய்ங்க. துணி வேணாம். மவுஸ நான் புடிக்கன்."

"துணி இல்லாட்டி பேய் வெளியால பாஞ்சிரும், புள்ள!"

"பாயட்டும். இத்தின பேர் நிக்கிறம், புடிச்சிருவம்."

கூட்டம் சிரித்தது. ஆகிலா மூலப் பிரதியைத் திறந்து, அந்த அத்தியாயத்தைத் தானே நீக்கினாள். பரிசாரி முணுமுணுத்தார்; வியர்த்தார். கணினி அசையவில்லை.

"புள்ளைகள் போயிட்டாங்க. பேய் போகல்லையே?" என்றவள், அத்தியாயத்தை மீட்டுவிட்டு, படங்களை மங்கலாய்க் காட்டும் கட்டளையை அழுத்தினாள். பக்கங்கள் பறந்தன. "துணிக்குள்ள இவர் செஞ்சது இவ்வளவுதான்."

கட்டளையைப் பழையபடி மாற்றியதும் படங்கள் துலங்கின, பக்கங்கள் மறுபடி ஊர்ந்தன. அவள் விளம்பரங்களை நீக்கிப் பார்த்தாள், ஊர்ந்தன. வாழ்த்துரைகளை நீக்கினாள், ஊர்ந்தன. மரியாதை கருதி இதுவரை தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று: ஹாஜியாரின் புன்னகை. சுவரை நிறைக்கும் பருமனுள்ள அப்படம், அவர் விருப்பப்படி தபால்முத்திரையளவாய்ச் சுருங்கி, நானூறு பக்கத் தலைகளிலும் ஏறியிருந்தது. அதை நீக்கினாள். கணினி பாய்ந்தது. படங்கள் துலக்கமாகவே நின்றன.

சல்மா உம்மா கண்ணைத் துடைத்தார். "ஹாஜியார், பேய் உங்கட மூஞ்சியிலயா குந்தியிருந்திச்சி?"

சிரிப்பு அடங்குவதற்குள் பரிசாரி பறந்துவிட்டார், துணிதான் மிஞ்சியது.

மலர் வெளிவந்தது. அதில் சல்மா உம்மாவின் மகள் துலக்கமாய்ச் சிரிக்கிறாள். ஹாஜியார் ஒரேயொரு பக்கத்தில், சற்று அடக்கமாகவே சிரிக்கிறார். இறந்த பிள்ளைகள் எவருக்கும் பாரமாயிருக்கவில்லை, சனங்களே. பாரம் முதல் வரிசையில் மாலையோடு அமர்ந்திருந்தது. இனி யாரேனும் கறுப்புத்துணி விரித்தால், கைதட்டுமுன் அதற்குள் அவருடைய கை எங்கேயிருக்கிறது என்று பாருங்கள்.