மறியல் மாப்பிள்ளை

எனக்கு அறிவு கம்மி, கருத்து ஜாஸ்தி. மதுவிலக்கு, இட ஒதுக்கீடு, இந்தி, பெண்களுக்கு இலவச பஸ், சாதி மாறிக் கட்டலாமா கூடாதா, எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து சூடாகத் தயாராக இருக்கும். (கேட்காவிட்டாலும் இருக்கும்.) எங்கள் டவுன்ஷிப் பிளாக் சலூனில் ‘இங்கே அரசியல் பேசாதீர்’ என்று ஒரு போர்டு தொங்குகிறது. பொதுமக்களுக்காக வைத்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உங்களுக்காகத்தான் சார் எழுதினது.”

மேலே சொன்ன கருத்துகளில் ஒன்றை மட்டும் செய்தும் காட்டினேன். சாதி மாறிக் கட்டினேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்காக நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே வேர்விட்ட குடும்பம். நானும் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பெர்மனன்ட். கலைச்செல்வியின் அப்பா ராசமாணிக்கம், கம்மாபுரம் தாண்டி ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த வீடு. அவர் மட்டும் குட்டியானை லோடு வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். என் உறவினர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, “பொண்ணுக்கு புடிச்சிருக்கு, அப்பறம் என்னா” என்று ஒரே வரியில் கல்யாணத்தை முடித்தவர் அவர்தான்.

அப்படிப்பட்ட மனிதரை நான் ரிசப்ஷன் மேடையில் வைத்துக் கவிழ்த்தேன்.

பாட்டுக் கச்சேரிக்காரர்கள் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம், யாரோ விளையாட்டாக, “மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசுவார்” என்று மைக்கை நீட்டினார்கள். கூட்டம், மைக், எழுந்து போக முடியாமல் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஜனம். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது என்னைப் போன்றவனுக்கு எத்தனை அபூர்வம், யோசித்துப் பாருங்கள். நன்றி சொல்லத்தான் ஆரம்பித்தேன். அது எப்படியோ நாட்டின் மின்சாரத் தேவைக்கு வந்து, “எல்லாருக்கும் வெளிச்சம் வேணும்னா நாலு ஊரு கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்” என்று முடிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், சுரங்கத்துக்கு ஊரையே விடப்போகிற அந்த நாலு ஊர்க்காரர்கள். நானே கைதட்டலை ஆரம்பித்து வைத்தேன். தொடர ஆளில்லை.

மாமா பாயசத்தைத் தொடாமல் கை கழுவப் போனார். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மாதங்கள் ஓடின. கலைச்செல்விக்கு வளைகாப்பு வந்தது. மாமியார் மட்டும் எப்போதாவது வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். மாமா எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை.

“எங்கப்பா வந்து நிக்கணும். வரலைன்னா எனக்கு வளையலும் வேணாம், சடங்கும் வேணாம்” என்றாள் கலைச்செல்வி. “நீங்களே போயி கூப்புடுங்க. தட்டை நீட்டி, ‘வாங்க மாமா’ன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக் கூடாது.”

நல்ல நேரம் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று, பர்மிஷன் போட்டு யூனிஃபார்மிலேயே பைக்கில் கிளம்பினேன். சேஃப்டி ஷூ, சட்டையில் கம்பெனி முத்திரை, பையில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், தட்டு. ஊருக்குள் நுழையும் முன்பே வண்டி நின்றது. சாலை முழுக்க ஜனம் உட்கார்ந்திருந்தது. மறியல். சுரங்கத்துக்காகத் தெரு போகப்போகிறது. சொந்த நிலம் இல்லாத குடும்பங்களுக்கும் மாற்று மனை வேண்டும் என்பது கோரிக்கை. முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் என் மாமனார்.

புத்தியுள்ளவன் திரும்பிப் போய் மறுநாள் வந்திருப்பான். நான் வண்டியை ஓரங்கட்டி, தட்டை எடுத்து அடுக்கி, கூட்டத்துக்குள் நடந்தேன். யூனிஃபார்மில் ஒருவன் பழத்தட்டோடு வருவதைப் பார்த்ததும் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

“மைன்ஸ்லேர்ந்து பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பிட்டாங்கடோய்.”

“வெறும் வாழப்பழத்தோடயா?” என்றது ஒரு பெண் குரல்.

மாமா தலையைத் திருப்பாமலே சொன்னார்: “அது ஆபீசரு இல்ல. எம் மாப்ள.”

அவ்வளவுதான். மைன்ஸ்காரரே நமக்காக வந்துவிட்டார் என்று கைதட்டல். கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். (என் ஜாதகத்தில் மைக்குக்குத் தனிக் கட்டம் இருக்க வேண்டும்.) மனைவி அனுமதித்த வார்த்தைகள் மட்டுமே நினைவுக்கு வந்தன. “வாங்க மாமா” என்றேன். ஸ்பீக்கரில் அது ஊருக்கே கேட்டது. அவருக்கு மட்டும் சொல்லி மற்றவர்களை விட்டால் மரியாதையாக இருக்காதே என்று, “எல்லாரும் வாங்க. ஞாயித்துக்கிழமை எங்க வூட்ல வளைகாப்பு. அவசியம் சாப்பிட வரணும்” என்று சேர்த்தேன். ரிசப்ஷனில் கிடைக்காத கைதட்டல் அன்றைக்குக் கிடைத்தது.

அந்தக் கைதட்டலோடு போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றியது.

“சார், நான் வளைகாப்புக்கு அழைக்க வந்தவன்.”

“அப்படியா, உள்ள குந்திகினு அழைங்க” என்றார் ஏட்டு.

நம் ஊரில் மறியல் செய்தவர்களை எங்கே வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். வேன் போய் நின்றது என் கல்யாணம் நடந்த அதே மண்டபம். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்து, “வாங்க மாப்ள, இப்ப என்னா விசேஷம்?” என்றார்.

எலுமிச்சை சாதப் பொட்டலம் வந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வேனில் வந்த குழந்தைகள் தட்டிலிருந்த பழத்தை முடித்துவிட்டிருந்தன. பேசவே கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. (கடித்ததே பெரிய விஷயம்.)

“மாமா, அன்னிக்கு நான் சொன்ன கருத்துக்கு இன்னுமா கோபம்?”

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். “கருத்து சொன்னதுக்கு எவன் கோவப்பட்டான்? அது ஒங்க கருத்து, சொல்லிட்டுப் போங்க. நீங்க பாட்டுக்குப் பேசிட்டு, மைக்க கச்சேரிக்காரன் கையில குடுத்துட்டு, ஐஸ்கிரீம் தின்னுகினு இருந்தீங்க. பதில் சொல்ல நான் கீழ கைய தூக்கிகினு நிக்கிறேன். யாராவது திரும்பிப் பாத்தீங்களா?”

நானும் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். இத்தனை மாதமாக இந்த மனிதர் வைத்திருந்தது வருத்தம் அல்ல, பதில்.

ஓடினேன் வாட்ச்மேனிடம். மண்டபத்து மைக் செட்டைப் போடச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர், “கோஷம் எல்லாம் கூடாது” என்றார். “கோஷம் இல்ல சார், குடும்ப விஷயம்” என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். மாமா கைகழுவி, வேட்டியை இறக்கிவிட்டு, மணமேடையில் ஏறினார்.

“மாப்ள வெளிச்சம் வேணும்னாரு. வேணாம்னு யாரு சொன்னா? நெலம் வெச்சிருந்தவங்களுக்குக் காசு வருது. அந்த நெலத்துல ஒழச்சிகினு இருந்த எங்களுக்குப் பத்திரமும் இல்ல, பட்டாவும் இல்ல. அப்ப எங்க வூடு வூடு இல்லையா? டவுன்ஷிப்புல கரண்டு நிக்கிறதே இல்ல. மைன்ஸ பாத்துகினு இருக்கிற எங்க தெருவுல...”

கரண்ட் போனது. ஃபேன் நின்றது, மைக் செத்தது. மாமா மேலே ஒருமுறை பார்த்தார். “இத நான் சொல்லிக் குடுத்து செய்யல” என்றார். மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. மைக் இல்லாமல் இன்னும் கணீரென்று பேசி முடித்தார். சப் இன்ஸ்பெக்டரும் கைதட்டிவிட்டு, பிறகு நினைவு வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இப்ப ஒங்க முறை” என்று என்னை மேலே கூப்பிட்டார் மாமா.

“கரண்ட் வேணும்னு இப்பவும் சொல்றேன்” என்றேன். கூட்டம் முனகியது. “வூட்ட இடிக்கிறதுக்கு முன்னாடி வேற வூட்டுக்கு எடம் குடுக்கணும், நெலம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. இந்தப் பாதி அன்னிக்கு எனக்குத் தெரியல.”

“பாதி தேறிட்டீங்க. மீதிய அப்பறம் பேசிக்கலாம்” என்றார். எனக்குப் பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி இருந்தது. தட்டை நீட்டினேன். யாரோ, “ராவுகாலம்பா” என்றார்கள். “அத பத்தியும் எனக்கு ஒரு கருத்து இருக்கு” என்றபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் மாமா.

அந்த ஊரில் இன்றைக்கும் என் பெயர் மறியல் மாப்ள. மாமாவும் நானும் சந்தித்தால் முதலில் சண்டை, பிறகு காபி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு அவர் வந்தார். குட்டியானையில் முன்னால் அவர். பின்னால் மூன்று வேன்களில், நான் மைக்கில் அழைத்த மறியல் மொத்தமும். எங்கள் குவார்ட்டர்ஸ் தெரு நிறைந்து வழிந்தது. அப்பாவைப் பார்த்த கலைச்செல்வி முகத்தில் சிரிப்பும் கண்ணீருமாக நின்றாள். வெற்றி வீரனாக அவள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: “பாத்தியா, நான் பேசின பேச்சுக்கு ஊரே எழுந்து வந்திருக்கு.”

அவள் கூட்டத்தையும் அடுப்படியையும் பார்த்தாள்.

“போயி சாம்பார்ல தண்ணி ஊத்துங்க.”