ஒரு சொம்புப் பாலும் நீங்கள் கொடுத்த காரும்

திருவண்ணாமலை
5-11-1996

வேலூரில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, உங்கள் தங்கை வேதாவின் வீட்டுக்காரன் முருகவேல் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் மூட்டுவலி கம்மியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நான் ரிடையரானபோது நீங்கள் மனசாரக் கொடுத்த வெள்ளைக் காரும் இன்று சுகம். அதைச் சொல்லி நன்றி கூறத்தான் இந்தக் கடிதம்.

ஆயுத பூஜை வரை வண்டி தங்கமாக ஓடியது. பூஜைக்கு வெளியே மட்டும் கழுவினால் போதுமா, உழைப்பது உள்ளே இருக்கிற இஞ்சின் அல்லவா என்று பானெட்டைத் திறந்து, பிளக் வயர் நான்கையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பச் சொருகினேன். மறுநாளே வண்டிக்குக் குளிர்ஜுரம் கண்டுவிட்டது. நின்ற இடத்தில் கிடுகிடுவென்று ஆடுகிறது, மேட்டில் ஏறச் சொன்னால் டப்பென்று வெடிக்கிறது. அந்த ஆட்டத்தோடுதான் கீர்த்தனாவின் வளைகாப்புக்குக் கீழ்பென்னாத்தூர் போனோம். வளையல் அடுக்கி, மகளை நம் வீட்டுக்கு அழைத்துவர வண்டியைக் கிளப்பினால் நாலு கதவும் தாளம் போடுகின்றன. சம்பந்தி ஜோதியம்மாள் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"இன்னாங்க இது, சல்லடை மாதிரி ஆடுது? ஏழு மாசப் புள்ளத்தாச்சிய இதுலயா ஏத்துவீங்க?"

வேறு கார் பிடிக்கிறேன் என்றேன்.

"தாய்மாமன் குடுத்த வண்டி இருக்கறப்ப வாடகை வண்டி எதுக்கு? ரிப்பேர் பண்ணிட்டு வாங்க. பானெட் மேல சொம்பு நெறையப் பால் வெப்பேன். சொட்டு சிந்தாம நின்னா அனுப்பறேன்."

ஏழாம் மாதம் முடிய ஆறே நாள். எட்டில் அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. வேதா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அய்யோ மச்சான், நான் பட்ட பாடு! ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார், டாங்கைக் காலி செய்தேன், இன்னொருவர் சக்கரம் கோணல் என்றார், நாலையும் கழற்றி மாட்டினேன், பக்கத்து வீட்டு மணியம்மாள் கண்ணேறு என்றாள், பூசணிக்காய் உடைத்தேன், அந்த வழுக்கலில் நானே விழுந்தேன், எழுந்து பார்த்தால் வண்டி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அடி அண்ணாமலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தசரதனிடம் போனேன். போனது பௌர்ணமியன்று. பாதி வழியில் வண்டி நின்றுவிட, கிரிவலம் வந்தவர்கள் அரோகரா சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கோடி புண்ணியம்.

தசரதன் இஞ்சினை ஓடவிட்டு, வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காது கொடுத்தார். "புடுங்கினா ஆட்டம் ஜாஸ்தியாவணும் சார். இந்த ரெண்டுக்கும் ஒண்ணுமே ஆவல. நாலு பேர்ல ரெண்டு பேர் சும்மா நிக்கறாங்க" என்றார். பிறகு வயரைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு சார் கழட்டினது?"

"நான்தான். ரெண்டு வயர் குறுக்கும் நெடுக்குமா போச்சு. பார்க்க நல்லா இல்லன்னு நேராக்கிட்டேன்."

"அது குறுக்கத்தான் சார் போவணும்!"

முப்பது வருஷம் யூனியன் ஆபீசில் ஃபைல் அடுக்கிய கை மச்சான், கோணலைக் கண்டால் சும்மா இருக்காது. அவர் இரண்டையும் மாற்றிச் சொருகினார். ஆட்டம் அப்படியே அடங்கிவிட்டது. சந்தனத்தை மட்டும் அவர் துடைக்கவில்லை, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளே கீழ்பென்னாத்தூர். இஞ்சினை ஓடவிட்டதும் ஜோதியம்மாள் பானெட்மேல் சொம்பு வைத்தார். தெருவே கூடி நின்றது. பால் அசையவில்லை. அதே பாலைக் கீர்த்தனாவுக்குக் குடிக்கக் கொடுத்து, அவரே கதவைத் திறந்து ஏற்றிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷம் உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் கொடுத்தது வெறும் கார் இல்லை மச்சான், என் மகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. இந்த நன்றியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

அண்ணாமலையார் உங்கள் குடும்பத்தை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

என்றும் உங்கள் அன்பில் கடன்பட்ட,
முருகவேல்

பி.கு.: கவரை ஒட்டுமுன் மாப்பிள்ளை மாறன் வந்தார். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம், தாயையும் பிள்ளையையும் இதே காரில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டுமென்று அவர் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். கேட்டதிலிருந்து வேதா அடுக்களையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மச்சான், மூன்றாம் மாதம் நெருங்கும்போது நான் வயர்களைக் கழற்றி மறுபடி சந்தனம் வைப்பதாக இருக்கிறேன். எந்த இரண்டை நேராக்க வேண்டும் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தசரதனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொம்பும் பாலும் இந்த முறை நானே சம்பந்தி வாசலுக்கு எடுத்துப்போகிறேன்.